பின் சீட்டு மெக்கானிக்

"கிளிப்பை இன்னும் இறுக்குங்க. பெட்ரோல் பீச்சிச்சுன்னா தொலைஞ்சோம்!" பாதி வழியில் நின்றுபோன காரின் பின் சீட்டிலிருந்து மெக்கானிக்கின் குரல் அதட்டியது.

ஊசி நூலைத் தவிர வேறெதையும் தொட்டறியாத தையல்காரர் கிளிப்பை இன்னொரு சுற்று முறுக்கினார். டயருக்குக் காற்றுப் பார்க்கும் பழைய கேஜை, பெட்ரோலின் அழுத்தம் பார்க்க ஒரு துண்டு ரப்பர் குழாயால் பெட்ரோல் லைனோடு இணைத்திருந்தார். சாவியைத் திருப்பிவிட்டு ஓடிவந்து பார்த்தார்.

"முள் அசையவே இல்ல!"

"அப்ப பம்ப்தான் மக்கர் பண்ணுது. டேங்குக்கு அடியில ரப்பர் சுத்தியலால நாலு தட்டு தட்டுங்க."

நடுரோட்டில் மல்லாந்து படுத்துத் தட்டினார். பின்னால் வழி கிடைக்காமல் நின்ற லாரிக்காரர் கடுகடுவென்று இறங்கி வந்தார்.

"உள்ள சொகுசா உக்காந்து அதிகாரம் பண்றதுதான் மெக்கானிக்கா? இறங்கி வந்து செய்யச் சொல்லுங்க சார்!"

தையல்காரர் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். மறுபடி சாவியைத் திருப்பிவிட்டு ஓடினார். முள் விருட்டென்று நாற்பதைத் தொட்டது.

"ஏறிடுச்சு!" என்று கத்திக்கொண்டே பின் கதவைத் திறந்தார்.

கூடவே எட்டிப் பார்த்த லாரிக்காரர் சட்டென்று பின்வாங்கினார். நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள் மெக்கானிக்.

"பம்ப் ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கும். நான் தாங்க மாட்டேங்க, வண்டிய எடுங்க!" என்றாள் கணவனிடம்.