உறுமாத கார்

லாரி மோதி முதுகெலும்பு உடைந்து தேறிய பிறகு மெர்லின் எந்தக் காரிலும் ஏறவில்லை. மனைவிக்குக் குலுங்காமல் இருக்குமே என்று, ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் வைத்த பழைய கார் ஒன்றை ஜெபசிங் வாங்கி வந்தான். சாவியைத் திருப்பியதும், காற்றடைத்து வண்டியைத் தூக்கும் கம்ப்ரஸர் உறுமியது; வண்டியே நடுங்கியது. “லாரி வர்ற மாதிரியே இருக்குங்க” என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டிக்கடியில் படுத்தான். கம்ப்ரஸரைத் தாங்கும் ரப்பர்கள் உதிர்ந்து, இரும்போடு இரும்பு இடித்துக்கொண்டிருந்தது. புது ரப்பர் மாட்டினான். உறுமல் போயிற்று, நடுக்கம் போகவில்லை. மறுபடி படுத்துத் தேடினான். காற்றுக்குழாய் ஒன்று அடித்தகட்டில் உரசிக்கொண்டிருந்தது. அதை விலக்கிக் கட்டினான். இந்த முறை வண்டி சத்தமில்லாமல் எழுந்தது.

மெர்லின் மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள். “ஏங்க, ஓடலையா?”

“ஓடுதும்மா. கை வச்சுப் பாரு.”

டிக்கியின்மேல் உள்ளங்கையை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை. அவன் அவள் முகத்தையே பார்த்து நின்றான்.

“தெருமுனை வரைக்கும்தான்” என்றாள். “மெதுவா ஓட்டணும்.”

“நடந்து போறவங்க நம்மளத் தாண்டிப் போவாங்க, போதுமா?”

அவள் சிரித்துவிட்டாள். “இருங்க, செருப்பு மாட்டிட்டு வரேன்.”