ஆவாரம்பட்டைத் தண்ணி

சுண்ணாம்புக் குழியில் கை வெந்தால் ஆவாரம்பட்டைத் தண்ணியில் ஊறவைப்பது தோல் பதனிடும் ஆம்பூர் டேனரிக்காரர்களின் வைத்தியம். துடுப்பு அழுகிய தன் ஒரே ஃபைட்டர் மீனுக்கும் இருதயராஜ் அதையே ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றிவைத்தான். காலையில் மீன் முழுத் துடுப்போடு சுற்றிவந்தது. அடியில், துடுப்பு அழுகிய மீன் குடல் சரியக் குதறப்பட்டுக் கிடந்தது.

“ஒண்ணுதானே வாங்கினு வந்தீங்க?” என்றாள் மனைவி பொன்மலர்.

“அதுக்கு இன்னா இப்போ? நல்லது நீந்துதில்ல?” என்று செத்ததைக் காக்கைக்கு வீசினான்.

அடுத்த வாரம் டேனரிச் சுண்ணாம்புக் குழியில் அவன் கையே வெந்துபோனது. பட்டைத் தண்ணியில் முழங்கைவரை ஊறவைத்துவிட்டுப் படுத்தான்.

விடிந்ததும் பொன்மலர் கொல்லைக் கதவைத் திறந்தாள். குழாயடியில் இருதயராஜ் குரல்வளை கிழிந்து செத்துக் கிடந்தான். வெந்த கை வெந்தபடியே இருந்தது.

“இன்னா பார்த்துக்கினு நிக்கிறே? காலைப் பிடி” என்று பின்னாலிருந்து இருதயராஜ் அதட்டினான். பிணத்தின் தோளைத் தூக்கிய அவன் கைகளில் ஒரு தழும்புகூட இல்லை.