தாராளமாகச் சொல்லலாம்

சவேரியாரின் உடலிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கொண்டே புதுத் தசை வளர்த்து, அவருடைய இதயத்தில் பொருத்தியிருந்தார்கள். தூத்துக்குடி மருத்துவமனையில் அன்று கடைசிப் பரிசோதனை. திரையைப் பார்த்த டாக்டர் யாழினி, "இருபது வயசுக்காரர் இதயம் மாதிரி துடிக்குது" என்று சிரித்தார்.

மனைவி பிலோமினா டாக்டரைத் தனியே அழைத்தாள். "அவுககிட்ட ஒரு கெட்ட சேதிய மறைச்சு வச்சிருக்கேன். இனி சொல்லலாமா?"

"தாராளமா சொல்லுங்கம்மா. தாங்குவாரு."

அவள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க அண்ணன் கொச்சிக்கு வேலைக்குப் போயிருக்காருன்னு சொன்னது பொய்ங்க. நீங்க படுக்கையில கெடந்தப்பவே தவறிட்டாரு. ஒங்களையும் பறிகொடுத்திருவோமோன்னு பயந்துட்டேன்."

சவேரியார் வாய்விட்டு அழுதார். பலமாகச் சிரிக்கக்கூட அவரை விடாதவள், இன்று தடுக்கவில்லை. அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வேகமாகத்தான் அடித்தது; ஆனால் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "மதினி தனியாவா இருக்காவ? வா பிலோமி, இப்பவே போவோம்."

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினார். பிலோமினாதான் மூச்சு வாங்க அவர் பின்னால் ஓடினாள்.