மீன் எண்ணெய் எலிகள்

“மேடம் வந்தா நீ வாயைத் திறக்கக் கூடாது. ஓரமா நில்லு, போதும்.”

பேராசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னார். ஆய்வகத்தில் எலிக் கூண்டு கழுவித் தீவனம் வைக்கிறவள் அவள். எலியம்மா என்று பேர் வைத்ததே அவர்தான். அவள் குப்பை வாளியைக் கீழே வைத்ததும் மீன் நாற்றம் குப்பென்று அடித்தது.

“என்ன கருமம் இது! வாளியைக்கூட ஒழுங்கா கழுவ மாட்டியா?”

“தினம் கழுவுறேன் சார். அது வந்து... அந்தத் தீவன நோட்டுல இன்னொரு கட்டம் போட்டுக் குடுத்தீங்கன்னா...”

“உன் கோழிக்கிறுக்கலுக்கு இருக்கிற கட்டமே அதிகம். எவ்வளவு வச்சேன்னு எழுது. ஆராய்ச்சியை நான் பாத்துக்கறேன்.”

இரண்டு மாதமாக இதே பல்லவிதான். பேருக்குப் பின்னால் மூன்று பட்டம் போடுகிறவருக்கு, எட்டாம் வகுப்பு தாண்டாத ஒருத்தி நோட்டைத் திருத்த வருவது எரிச்சலாக இருந்தது. இன்றைக்கு மேடம் தலையாட்டிவிட்டால் துறைத் தலைவர் நாற்காலி அவருக்குத்தான். பதினைந்து வருடமாகக் கண் வைத்திருந்த நாற்காலி அது.

தேர்வுக் குழுவின் தலைவியான அந்த மேடம் உள்ளே வந்தார். வெள்ளை முடி, தடித்த கண்ணாடி. பேராசிரியர் அப்படியே குழைந்துவிட்டார்.

“எல்லா எலிக்கும் புராஸ்டேட் புற்றுநோய்க் கட்டி வச்சிருக்கோம் மேடம். இடது பக்கக் கூண்டுங்களுக்குச் சோள எண்ணெய் கலந்த தீவனம், வலது பக்கத்துக்கு மீன் எண்ணெய். இடது பக்கம் கட்டி கோலிக்குண்டு மாதிரி. வலது பக்கம் பாருங்க, மிளகளவுதான்! எல்லாம் மீன் எண்ணெயில இருக்கிற கொழுப்பு அமிலம் பண்ற வேலை.”

மேடம் குனிந்து பார்த்தார். “வலது பக்க எலிங்க கொஞ்சம் வத்தலா தெரியுதே?”

“கெட்ட கொழுப்பு கரையுது மேடம். எலியைப் பட்டினி போட்டாலே கட்டி சிறுத்துடும். சில அரைவேக்காடுங்க அப்படிப் பண்ணிட்டு எண்ணெயால ஆச்சுன்னு கட்டுரை எழுதுதுங்க. என்கிட்ட அந்தக் கதையே கிடையாது. ரெண்டு பக்கமும் எடை போட்டு ஒரே அளவு வைக்கிறோம். நோட்டைப் பாருங்க.”

மேடம் பக்கங்களைப் புரட்டினார். “வச்சது இருக்கு. தின்னது எங்க?”

பேராசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் கேள்வி கேட்கத்தான் இவ்வளவு பெரிய பதவியா என்று நினைத்துக்கொண்டார்.

“எலிதானே மேடம், வச்சா தின்னும். வேணும்னா இவளையே கேளுங்க. இவ வாயிலேர்ந்து உருப்படியா ஒரு வார்த்தை வந்தா அது உங்க அதிர்ஷ்டம்.”

மேடம் திரும்பினார். “சொல்லுங்கம்மா, நல்லா சாப்பிடுதா?”

எலியம்மா தயங்கிப் பேராசிரியரைப் பார்த்தாள். அவர் பெரிய மனது பண்ணி, பேசு என்று கையைக் காட்டினார். அவள் வாளியைத் தூக்கி மேடம் முன்னால் வைத்தாள்.

“மீன் எண்ணெய்ப் பக்கம் நாலு வாய்கூடக் கொறிக்காதும்மா, இந்த மிச்சத்தை எழுதத்தான் இன்னொரு கட்டம் கேட்டேன்.”