பெரிய கேமராவே வரணும்

சங்கரியின் தோளிலிருந்த கேமராவின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததும் புதுப்பட்டினம் கல்யாண மண்டபத்தின் முன்வரிசை மொத்தமும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டது.

“மேடம், இது எந்தக் காலத்து டப்பா? ரெண்டாயிரத்து ஆறுல போய் இதத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. பத்து கிலோ இருக்குமே” என்றான் கிஷோர். மாப்பிள்ளைக்கு அத்தை மகன், ஐ.டி. கம்பெனியில் வேலை.

சங்கரி கேமராவை ஒற்றைக் கையால் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். இன்னொரு கையில் காபி டம்ளர்.

“அதான் மேடைக்கு எதிர்ல உங்க சின்ன டிஜிட்டல் கேமரா ஸ்டாண்டுல ஓடுதே. அது போதாதா?”

“அது படம் எடுக்கும். இது வேலை பாக்கும்.”

“புரியல.”

“படிச்சவர்தான? போவப்போவ புரியும்.”

பெண்ணின் அப்பா தர்மராஜ் மீன் வியாபாரி. புக்கிங்குக்கு வந்த அன்றே ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார். “தோள்ல வெச்சிகினு எடுப்பாங்களே, அந்தப் பெரிய கேமராவே வரணும். உள்ளங்கையில ஒண்ண வெச்சிகினு எடுத்தா எங்க குப்பத்துல கல்யாணம்னே ஒத்துக்க மாட்டாங்கம்மா.”

சங்கரி தன் குடும்பத்தில் முதல் பட்டதாரி. டிகிரி முடித்தவளுக்கு இதெல்லாம் ஒரு பொழப்பா என்று கேட்டவர்களுக்கு நேருக்கு நேர் பதில் சொல்லி, சொந்தக்காரர்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டவள்.

முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காக வரிசை வரிசையாகச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா சதாசிவம், தர்மராஜைத் தோளில் கைபோட்டுத் தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

சதாசிவத்துக்குச் செங்கல்பட்டில் அரசாங்க உத்தியோகம். ரிட்டயராக எட்டு மாதம்தான் இருக்கிறது என்று காலையிலிருந்து நாலு பேரிடமாவது சொல்லியிருந்தார்.

“ஈ.சி.ஆர். ஓரமா அந்த மனை சும்மாதான கெடக்கு சம்பந்தி? பையன் பேர்ல எழுதித் தர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்புறம் தாலி கட்டலாம்.”

“சின்னவளுக்குன்னு கீறது அது ஒண்ணுதாங்க. இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

“இப்ப சொல்றேன்ல. நான் கண்ணக் காட்டினா என் பையன் மணையிலேர்ந்து எழுந்து வந்துடுவான். யோசிங்க.”

தர்மராஜ் மேடையைப் பார்த்தார். மகள் ரத்னா மாலையின் கனத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவர் இரண்டு கையையும் கூப்பினார்.

திடீரென்று தூண் முழுக்க வெளிச்சம் விழுந்தது. திரும்பினால் ஒரு முழ தூரத்தில் பெரிய கேமரா, சிவப்பு விளக்கோடு.

“சார், ஈ.சி.ஆர். மனை வரைக்கும் நல்லா வந்துட்டுது. ‘அப்புறம் தாலி’ன்னு சொன்னீங்க பாருங்க, அந்த எடத்துல நாதஸ்வரம் பூந்துட்டுது. மைக்குல விழல. இன்னொரு வாட்டி சொல்லுங்க.”

கல்யாண வீட்டில் வீடியோ எடுப்பவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மாலையை மறுபடி மாற்றச் சொன்னால் மாற்றுவார்கள், காலில் மறுபடி விழச் சொன்னால் விழுவார்கள். அந்தப் பழக்கத்தில் சதாசிவத்தின் வாயும் திறந்துவிட்டது. பிறகுதான் மூடிக்கொண்டது.

“இன்னா சார், வெக்கமா? மொகத்த இப்டித் திருப்புங்க. ஆபீஸ் பேரையும் சேத்துச் சொல்லுங்க, கோர்ட்டுல கேப்பாங்க.”

“ஏம்மா, அத ஆஃப் பண்ணும்மா.”

“மாப்ள ஒண்ணும் தெரியாம அங்க உக்காந்துகினு கீறாரு. அவருக்கும் டிவில போட்டுக் காட்டட்டுமா?”

சதாசிவம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “சும்மா வெளையாட்டுக்குக் கேட்டேன் சம்பந்தி. மனையெல்லாம் எதுக்கு? வாங்க, நல்ல நேரம் போகுது.” தர்மராஜின் கையைப் பிடித்து அவரே மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

கெட்டிமேளம் கொட்டியது. ஸ்டாண்டில் நின்ற சின்ன கேமரா தாலி ஏறியதை அமைதியாகப் பதிந்துகொண்டது.

முதல் பந்தி நடக்கும்போது சதாசிவம் சங்கரியைத் தேடி வந்தார். “அந்தக் கேசட்ட மட்டும் எங்கிட்ட குடுத்துடும்மா.”

“ரத்னா மூஞ்சி வாடாத வரைக்கும் அதப்பத்திக் கவலையே படாதீங்க சார்.”

அவர் பாயசம் கூடக் குடிக்காமல் போனார்.

மூன்றாவது பந்தி முடிந்தும் சங்கரியை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. வீடியோ எடுப்பவர்களை எல்லா மண்டபத்திலும் அப்படித்தான் மறப்பார்கள். அவள் பின்பக்கப் படிக்கட்டில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தர்மராஜ் தனியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

“அந்த ஐ.டி. பையன் இதப் போயி டப்பான்னான். இந்த ஓட்டம் எந்த புதுசு ஓடும்? அந்தாளு முழிச்சான் பாரு ஒரு முழி, அத மட்டும் எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடும்மா. டெய்லி போட்டுப் பாத்துகினு இருப்பேன்.”

“ரெண்டு லைட்டும் நல்லா எரியுது நைனா. அதான் இதோட ஓட்டம்.”

சங்கரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். எலுமிச்சம்பழச் சோறு மணந்தது.

“கேசட்டு ஏது? மூணு வருசமா இதுல நாஸ்தாதான் வெச்சிகினு வர்றேன்.”