தேவிக்கு நான்கு வரி

நெப்போலியன் வரலாற்றையே நாற்பத்தெட்டுப் பக்கப் புத்தகத்தில் அடக்கியவன் நான். அசோகர் மட்டும் நான்கு வரி கூடுதலாக நின்று வம்பு செய்தார்.

உப்பல் அச்சகத்திலிருந்து மூன்றாவது போன். "ஜல்தி சார்! மெஷின் நிக்குது."

"அசோகரோட சம்சாரம் தேவியைத் தூக்கிடு, பாமா."

டைப் அடித்துக்கொண்டிருந்த பாமா நிமிர்ந்தாள். "நெப்போலியன் சம்சாரத்தையும் தூக்கினீங்க."

"இடம் பத்தல. பின்னட்டைக்கு என்னைப் பத்தியும் ரெண்டு வரி அடி."

அடித்தாள். படித்தேன்: 'வேணுகோபால், எழுத்தாளர். செகந்திராபாத்தில் தனியாக வசிக்கிறார்.'

"தனியாவா? அப்போ இருபது வருஷமா கூட இருக்கிற நீ?"

"ஹவ், ஆமா, இருக்கேன். இடம் பத்தல," என்றாள் என் மனைவி.

போன் மறுபடி அடித்தது. கலிங்கப் போரிலிருந்து யானைப்படையை அவசரமாக வாபஸ் வாங்கி, அந்த நான்கு வரியில் தேவியைத் திரும்பக் குடிவைத்தேன்.