ஐந்தாவது கேள்வி

கண்ணைத் திறந்துவிட்டான்.

அவள் புல்லில் மண்டியிட்டு அவன் தலையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். அசையாதே என்று மூன்று முறை சொல்லியாயிற்று. அவனோ எழுந்திருப்பதிலேயே குறியாக இருந்தான்.

கார்னரில் வந்த ஒரே பந்துக்கு இரண்டு பேர் எகிறியிருந்தார்கள். மண்டையும் மண்டையும் மோதிய சத்தம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கே கேட்டது.

"டாக்டர், ஸ்ப்ரே அடிச்சு அனுப்புங்க!"

கோட்டுக்கு வெளியே நின்று கோச் கத்தினார். மண்டையில் அடிபட்டவனுக்கு வலியை மரக்கவைக்கிற ஸ்ப்ரேயாம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்னும் ஒன்பது நிமிடம்.

ஆசிய கிளப் கோப்பையின் அரையிறுதி. போன வாரம் எதிரணியின் ஊரில் யாரும் கோல் போடவில்லை. இன்று சென்னையில் இவர்கள் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருக்கிறார்கள். இந்த ஒன்பது நிமிடத்தைத் தாக்குப்பிடித்தால் இறுதி ஆட்டம். ஆறு மாதமாக டாக்கா, மாலே, தாஷ்கண்ட் என்று பெட்டியும் கையுமாக அலைந்ததெல்லாம் இதற்குத்தான்.

மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்து பேரும் இறங்கியாகிவிட்டது. அடிபட்டுக் கிடக்கும் ஜெரினை வெளியே எடுத்தால் மீதி நேரம் பத்துப் பேர்தான். அதுவும் தடுப்பு வரிசையின் நடுவில் நிற்கிறவன்.

தாஷ்கண்டில் இதே போல ஒருவனை வெளியே எடுத்தாள். ஸ்கேனில் ஒன்றுமே இல்லை. ஆட்டத்தில் தோற்றார்கள். டீமுக்கு டாக்டர்தான் வேண்டும், பயந்தாங்கொள்ளி வேண்டாம் என்று விமான நிலையத்தில் எல்லோர் முன்னாலும் கோச் சொன்னார். இன்றுவரை அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

"விடுங்கக்கா. எனக்கு ஒண்ணுமில்ல."

டார்ச் அடித்துப் பார்த்தாள். இரண்டு கண்மணிகளும் ஒழுங்காகச் சுருங்கின. கழுத்தில் வலி இல்லை. மெதுவாக உட்கார வைத்தாள்.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். மோதிய எதிரணிக்காரன் அதற்குள் எழுந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

இனிக் கேள்விகள்.

தலையில் அடிபட்டால் எப்போதும் அதே ஐந்து கேள்விகள்தான். டீம் முழுக்க அவை மனப்பாடம். பஸ்ஸில் அவள் குரலிலேயே ஒருவரையொருவர் கேட்டுக் கிண்டல் செய்வார்கள். அவளும் சிரித்திருக்கிறாள்.

எந்த மைதானம்?

சொன்னான்.

எந்தப் பாதி?

"ரெண்டாவது."

ஸ்கோர்?

அவன் பார்வை அவள் தோளைத் தாண்டி போர்டுக்குப் போய்த் திரும்பியது. "ஒண்ணு, சைபர்."

போன ஆட்டம்?

"டிரா."

எல்லாமே மடமடவென்று வந்தன. பஸ்ஸில் வருகிற அதே வேகம்.

ஐந்தையும் சரியாகச் சொல்லித் தொலையேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். கெஞ்சுவது தெரிந்ததும் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"கடைசி கோல் யார் அடிச்சது?"

மறுபடியும் போர்டைப் பார்த்தான். அதில் எண்கள் மட்டும்தான் இருந்தன.

அவளைப் பார்த்தான். ஒரு நொடி அந்த முகத்தில் பயம் வந்தது. பிறகு சிரித்துச் சமாளித்தான்.

"ரெனாட்டோ. வேற யாரு?"

நல்ல ஊகம்தான். பிரேசிலிலிருந்து வந்த ரெனாட்டோ இந்தக் கோப்பையில் மட்டும் ஒன்பது கோல் அடித்திருக்கிறான்.

ஆனால் இன்று அடித்தவன் ஜெரின்.

பன்னிரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தூத்தூரிலிருந்து வந்து ஆறு வருடமாக இந்த அணியில் பந்தைத் தடுத்துக்கொண்டே இருந்தவன். முப்பதை நெருங்குகிறான். முதல் கோல். அடித்துவிட்டு எங்கே ஓடுவதென்று தெரியாமல் பெஞ்சுக்கு ஓடிவந்து, கோச்சை விட்டுவிட்டு அவளைத் தூக்கிச் சுற்றினான். அவள் மூக்குக் கண்ணாடியின் ஒரு காது வளைந்துபோனது. அதை நிமிர்த்தக்கூட நேரம் கிடைக்கவில்லை.

சுற்றிலும் பார்த்தாள்.

நடுவருக்குத் தமிழ் தெரியாது. கோச் தூரத்தில் நின்றார். அவன் சொன்னது அவள் காதில் மட்டும்தான் விழுந்திருந்தது.

ஒன்பது நிமிடம்தானே. நீதான்டா அடித்தாய் என்று சொன்னால் போதும், எழுந்து ஓடிவிடுவான். ஓடி, இன்னொரு பந்துக்கு எகிறுவான்.

நடுவரைப் பார்த்து முடியாது என்று தலையாட்டினாள்.

தண்ணீர் பாட்டில் ஒன்று பறந்து வந்து அவள் பெட்டியருகே விழுந்தது. கோச் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நாளைக்கு வேலை இருக்காது என்பது அந்த முதுகிலேயே தெரிந்தது.

ஜெரின் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, ஒம்பது நிமிசந்தான். எல்லாத்துக்கும் சரியாத்தான சொன்னேன்?"

அவள் பெட்டியை மூடினாள்.

எழுப்பி, தோளைக் கொடுத்து நடத்திக் கூட்டிவந்தாள். நடையில் தள்ளாட்டம் இருந்தது. அவன் கன்னம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

கோட்டைத் தாண்டினார்கள்.

முதலில் ஒரு மூலையில் சிலர் எழுந்தார்கள். பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். அரங்கம் மொத்தமும் நின்றுகொண்டு கைதட்டியது.

ஜெரின் நின்றான். கூட்டத்தைப் பார்த்தான். அவர்கள் எதற்காக எழுந்தார்கள் என்று தேடுகிறவனைப் போல மைதானத்தின் பக்கம் திரும்பினான்.

அங்கே ரெனாட்டோ இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஆட்டம் தொடங்கக் காத்திருந்தான்.

ஜெரின் அவள் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, ரெனாட்டோவைப் பார்த்து, கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டினான்.